ஓர் ஆள், ஒரு வீடு

நேற்று எதிர் ஃபிளாட்டில் மிளகாய் வற்றல் வறுத்தார்கள். வரிசையாக ஏழு தும்மல். மிளகாய் நெடிக்கு உங்களுக்குச் சாம்பார்ப்பொடி ஞாபகம் வரலாம், எனக்கு டேட்டா மாடல் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த முதல் கம்பெனி, வற்றல் கமிஷன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பசுவந்தனை, எப்போதும்வென்றான் பக்கத்து மூட்டைகள் வந்து இறங்கும் நாட்களில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் கீபோர்டைத் தட்டுவோம். வாடிக்கையாளர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். பக்கத்து மேசை பொன்மாரி மட்டும் தும்மவே மாட்டாள். "பழகிப்போச்சுண்ணே" என்பாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு மாடலிங் ஃபிரேம்வொர்க் பழக்கமாகியிருந்தது. புதுச் சைக்கிள் வாங்கியவன் மாதிரி திரிந்தேன். திரையில் ஒரு பெட்டி வரைந்து 'வீடு' என்று பெயர் வைப்பேன். இன்னொரு பெட்டி 'ஆள்'. நடுவே ஒரு கோடு. டேட்டா மாடல் என்பது இந்தப் படம்தான். ஜெனரேட் பொத்தானை அமுக்கினால் ஆயிரக்கணக்கான வரி நிரலை அதுவே எழுதிக் கொட்டிவிடும். பெருமை மட்டும் எனக்கு.

ஊர் வியாபாரிகள் சங்கம் ஒன்று குடும்ப விவரப் புத்தகம் போடக் கேட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம், அதில் அந்த வீட்டு ஆட்கள். நான் கோட்டின் முனையில் கறுப்புச் சாய்சதுரம் ஒன்று வைத்தேன். இந்த ஆள் இந்த வீட்டுக்குள் அடக்கம் என்று அதற்கு அர்த்தம். அதே ஆளை இன்னொரு வீட்டில் சேர்த்தால், பழைய வீட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடும். தலைக்கணக்கு இரட்டிக்காது பாருங்கள், அதில் எனக்கு ஏக சந்தோஷம்.

பொன்மாரி தன் குடும்பத்தையே போட்டுச் சோதித்தாள். கயத்தாற்றில் பிறந்தவள் அவள். கோவில்பட்டியில் இருந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று மூன்று வயதில் கொடுத்துவிட்டார்கள். வளர்த்தவளை 'அம்மா' என்பாள், பெற்றவளைக் 'கயத்தாறு அம்மா' என்பாள். இரண்டு குடும்பமும் அந்தச் சங்கத்தில் உண்டு.

"அண்ணே, என் பேரை அம்மா வீட்டுல போட்டா கயத்தாத்து வீட்டுல காணாமப் போகுது."

"அதான் சரி. ஒரு ஆளு ரெண்டு வீட்டுல எப்படிம்மா இருக்க முடியும்?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

அச்சுக்கு முன் சரிபார்க்க ஒவ்வொரு குடும்பமாக மாடியேறி வந்தது. கயத்தாறு அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, தன் வீட்டுப் பக்கத்தில் விரலை வைத்து வாசித்தார்கள்.

"பெரியவன் இருக்கான். சின்னவன் இருக்கான். பொன்மாரி எங்க தம்பி?"

"அவங்க பெரியம்மா வீட்டுப் பக்கத்துல இருக்காங்கம்மா."

"அங்கன இருக்கட்டும், நான் வேண்டாங்கல. எங்க அக்காளுக்குப் பிள்ளை இல்லையேன்னு கொடுத்தேன். பெறவே இல்லைன்னா சொன்னேன்?"

 பொன்மாரி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் பேசினாள். "என்னைப் பாரம்னு தள்ளிவிட்டாகன்னுதான் இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். அவிய வாயால இப்படி இன்னைக்குத்தான் கேக்கேண்ணே." முதன்முதலாக அன்று அவள் மூக்கை உறிஞ்சினாள். மிளகாய் மேல் பழி போடவும் இல்லை.

அன்றே சாய்சதுரத்தை அழித்து, வெறும் கோடாக்கினேன். ஆட்கள் எல்லாரும் பொதுவாகப் புத்தகத்தில் இருப்பார்கள், எந்த வீடும் யாரையும் தன் ஆள் என்று சுட்டிக்கொள்ளலாம். மறுபடி ஜெனரேட். அவசரத்தில் நான் பிரதி எடுத்து வைக்காததால், கையால் எழுதிச் சேர்த்திருந்த என் மூன்று நாள் வேலையை அது துடைத்தெடுத்துவிட்டது. தும்மிக்கொண்டே திரும்ப எழுதினேன். வருத்தமே இல்லை. பக்கங்களை எண்ணிக் கூட்டியதில் மொத்தத் தலைக்கணக்கில் ஓர் ஆள் கூடுதலாக வந்தது. தெரிந்தேதான் விட்டேன். புத்தகம் அப்படியே அச்சானது. நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்த தவறு அதுதான்.

இப்போது அந்த வற்றல் கடை இல்லை, மாடியும் இல்லை. இடித்துவிட்டுச் செல்போன் ஷோரூம் கட்டிவிட்டார்கள். அந்த ஃபிரேம்வொர்க் பெயரைச் சொன்னால் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் முழிக்கிறார்கள். முதலில் பெரியம்மா போனார்கள், இரண்டு வருடம் கழித்துக் கயத்தாறு அம்மாவும். பொன்மாரி கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன மாதம் போனில் பேசியபோது, ஊருக்கு வந்தால் எந்த வீட்டில் தங்குவாய் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ரெண்டையும் வித்தாச்சுண்ணே. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜுலதான் தங்குதேன்."