டீசலை நிறுத்தியதும் கேட்ட குரல்

கெடாரில் வெள்ளத்தில் முழுகிக் கிடந்த பம்புசெட்டை மறுபடியும் தண்ணீர் இறைக்க வைத்தவன் நான். வானூர்ப் பக்கம் கல் உடைக்கும் மோட்டார், திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு ஆட்டும் மோட்டார், எத்தனையோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், திண்டிவனத்தில் சொந்தமாக மோட்டார் கடை போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, டீசலிலும் பேட்டரியிலும் ஓடும் படகின் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றியவனும் நான்தான். அதிலிருந்து அறுத்தெடுத்த கருகிய செம்புச் சுருள் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது.

அந்த மோட்டாரைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அண்ணன், விழுப்புரத்து மச்சான். புதுச்சேரி உப்பங்கழியில் சுற்றுலாப் படகுக்கு டிரைவர். கடலுக்குள் போக டீசல். அது ஓடும்போதே பேட்டரியில் சார்ஜ் ஏறும். கழிக்குள் திரும்பியதும் டீசலை நிறுத்திவிட்டு மோட்டாரில் வரவேண்டும். உப்புத்தண்ணீர் புகுந்து அந்த மோட்டார் எரிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து புதிது வரட்டும் என்றார்கள் படகைக் கட்டிய இன்ஜினியர்கள். மச்சான் விடவில்லை. “எங்க மாப்ள கட்டுவாருங்க. ஓடலன்னா என்னை வேலைய வுட்டு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள். நான் கம்பி சுற்றச் சுற்ற, “எங்கண்ணன் சோறு ஒன் கையில கீது, பாத்துச் சுத்துய்யா” என்று என் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

ஓட்டிப் பார்த்த அன்று சுவிட்சைப் போட்டதும் படகு பின்னால் பாய்ந்து துறைமேடையில் கட்டியிருந்த டயரில் மோதியது. மோட்டாரின் விசிறிப் பக்கம் நின்று சுற்றும் திசை பார்ப்பது எங்கள் பம்புசெட் வழக்கம். படகிலோ மோட்டார் திரும்பி உட்கார்ந்திருந்ததால் திசை தலைகீழாகிவிட்டது. இன்ஜினியர்கள் சிரித்தார்கள். மச்சான் அவர்களைவிட உரக்கச் சிரித்தார். “இன்னா மாப்ளே, கடலையும் கெணறுன்னு நெனச்சிக்கினியா?” அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மோட்டார் மூடியைக் கழற்றினேன். மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டேன். படகு முன்னால் போனது.

காலமெல்லாம் இன்ஜின் அறையில் நின்று மச்சானுக்குக் காது பாதி போயிருந்தது. அவர் தண்ணீர் கேட்டாலே தெருவுக்குக் கேட்கும். அன்றே டீசலில் கடலுக்குப் போய்த் திரும்பி, கழிக்குள் வந்ததும் டீசலை நிறுத்தினார். மோட்டார் சத்தமில்லாமல் இழுத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஓடுதா மாப்ளே?” அவர் கையைப் பிடித்து மோட்டார்மேல் வைத்தேன். உள்ளங்கையில் அந்த மெல்லிய அதிர்வை உணர்ந்ததும் கண் கலங்கி, அந்த நிசப்தத்தில் கரைவரை கேட்கக் கத்தினார்: “எம் மாப்ள கட்னதுடா இது!”

மச்சான் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். படகு இன்னும் ஓடுகிறது. அதன் முகப்புப் பலகையில் படித்த இன்ஜினியர்கள் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. கத்திச் சொல்ல இருந்த ஆளும் இல்லை. கருகிய சுருள்மேல் கை வைத்துப் பார்க்கிறேன், அசைவே இல்லை.

படகுக்காரர்களே, அந்தப் பலகையில் என் பெயரைப் போடுங்கள். கூடவே, தன் வேலையைப் பணயம் வைத்த டிரைவர் பெயரையும் எழுதுங்கள். பெரிய எழுத்தாகவே எழுதுங்கள். மெல்லச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.