அடித்து அடக்கிய உறுமல்

எங்கள் நாய் என் மனைவியின் கையைக் கடித்தது. அதைக் கடிக்க வைத்தவன் நான். ஐந்து வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் கோபக்காரன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை மேற்பார்வையாளன். ஒரு வேலையை இரண்டு முறை சொல்ல வேண்டி வந்தால் எனக்கு ரத்தம் தலைக்கேறும். பட்டறையில் அதற்குக் கண்டிப்பு என்று பெயர். வீட்டில் அதற்கு என்ன பெயர்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் பெயர் சீசர். நாட்டு நாய். கரையான்சாவடி காய்கறிக் கடை வாசலில், மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மனைவி ஸ்டெல்லா முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். எங்களிடம் உயிராக இருந்தது. வெளியாட்கள் வந்தால் மட்டும் தாண்டிக் குதிக்கும். கும்பலைக் கண்டால் கேட்கவே வேண்டாம்!

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, மாதா சுரூபத்தைத் தினம் ஒரு வீட்டுக்கு மணி அடித்துக்கொண்டு எடுத்துப் போவோம். மாலை ஆறரைக்கு மணிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். அந்த வருடம் எங்கள் முறை வந்த அன்று, குழுவின் தலைவர் ஆரோக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உங்க ஊட்ல நாய் கீதே அண்ணாத்தே... பொம்பளைங்க பயப்படுறாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மாதா எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். எனக்கு அவமானம். ஸ்டெல்லாவுக்கோ துக்கம். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறு வருடம் மாதா எப்படியும் உள்ளே வரவேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். பூந்தமல்லியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போய் வழி கேட்டு வந்தாள். வழி இதுதான். மணிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. முதலில் சமையலறையில், சில நாள் கழித்துக் கூடத்தில், பிறகு வாசலருகில். மணி என்றால் ஈரல், ஆட்கள் என்றால் ஈரல் என்று அதன் மனதில் பதிய வேண்டும். அது மிரண்டால் இரண்டடி பின்வாங்கிவிட வேண்டும்.

"உறுமினா திட்டாதீங்க. 'எனக்குப் பயமா இருக்கு, கிட்ட வராதே'ன்னு அது சொல்லுதாம். சொல்ல விடணுமாம்" என்றாள்.

நான் சிரித்தேன். நாய்க்குப் பேச்சுரிமையா என்று கேலி செய்தேன்!

அக்டோபர் பிறந்தது. எங்கள் முறை கடைசி வாரம். தினமும் மணி கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஈரல் கிண்ணத்தோடு சீசரிடம் உட்காருவாள். ரவிக்கை தைத்துத் தேய்ந்த விரல்களால் ஒவ்வொரு துண்டாகக் கொடுப்பாள். பிறகு ஜெபத்துக்குப் போய்விடுவாள். பத்து நாளில் சீசர் கூடம் வரைக்கும் வந்திருந்தது. குதிப்பது நின்றுவிட்டது. உறுமல் மட்டும் மெல்லியதாக இருந்தது.

பொறுத்திருக்கலாம் அல்லவா? அந்த மெல்லிய உறுமலோடு எனக்கென்ன பகை? ஆரோக்கியத்தின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. இந்த முறையும் திரும்பிப் போனால்...!

மணிச் சத்தத்தை என் செல்போனில் பதிவு செய்தேன். ஸ்டெல்லா ஜெபத்துக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தினேன். சத்தத்தைப் போட்டேன். சீசர் உறுமியது. இடுப்பு பெல்ட்டை உருவி அடித்தேன்.

மறுநாளும் அடித்தேன். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் அந்தப் பதிவைப் போட்டேன்... உறுமல் இல்லை. மூலையில் ஒண்டிக்கொண்டு என் இடுப்பையே பார்த்தது. ஸ்டெல்லாவுக்குப் பத்து நாளில் முடியாததை நான்கே நாளில் முடித்துவிட்டேன் என்று எனக்கு எத்தனை பெருமிதம்!

மறுநாள் மணி கேட்டபோது சீசர் உறுமாததைக் கண்டு ஸ்டெல்லா குழந்தைபோல் கைதட்டினாள். "என்னங்க, பாத்தீங்களா? உறுமவே இல்ல! ஈரல் வேலை செஞ்சிடுச்சு!"

பெல்ட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த நொடியில் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். அவள் வாசல் வரைக்கும் அதை அழைத்து வந்திருக்கமாட்டாள்.

எங்கள் முறை வந்தது. வாசலில் கோலம், மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம். ஸ்டெல்லா புதுப் புடவையில் சீசரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதாவைச் சுமந்துகொண்டு எல்லோரும் வந்தார்கள். மணி அடித்தது. சீசர் அசையவில்லை.

"பரவால்லியே ஸ்டெல்லா! நாய் இன்னா அமைதியா கீது!" என்றார் ஆரோக்கியம்.

அமைதியா அது? காதுகள் பின்னால் மடிந்திருந்தன. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்தேன்... பார்த்தும் நல்ல பிள்ளையாகிவிட்டது என்றே எண்ணினேன்.

ஸ்டெல்லா குனிந்து ஈரலை நீட்டினாள். பின்னாலிருந்த நான் மாதாவை வரவேற்க ஓரடி முன்னே வைத்தேன். பிதுங்கியிருந்த சட்டையைச் செருகிக்கொள்ள என் கை பெல்ட்டுக்குப் போனது.

சீசர் அதைப் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. முகத்துக்கு எதிரே இருந்ததைக் கடித்தது. ஸ்டெல்லாவின் வலது கையை! ஈரல் கொடுத்த கையை...

மருத்துவமனையில் தையல் போட்டார்கள். மோதிர விரலும் நடுவிரலும் இன்றுவரை மடங்குவதில்லை. தையல் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது.

கட்டுப் போட்ட கையோடு அவள் சொன்னாள்: "அவன ஒண்ணும் பண்ணாதீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கணும்."

உண்மையில் அவசரப்பட்ட நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஈரல் குடுத்து நாயைத் திருத்த முடியுமா ஸ்டெல்லா? அன்னைக்கே சொன்னேனே!" என்றேன். பெல்ட்டால் அடித்ததைவிட இதுதான் பெரிய பாவம் என்று நினைக்கிறேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள்.

சீசரைச் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் காவலுக்குக் கொண்டுபோய் விட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சங்கிலியோடு தரையில் படுத்துச் சிறுநீர் கழித்தது. "இன்னா நாய்பா இது! கொலைக்கவும் மாட்டுது, உறுமவும் மாட்டுது. திருடன் வந்தாலும் பாத்துகினு குந்திகினு இருக்கும்" என்று கிடங்குக்காரர் சலித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது சங்கிலி மட்டும் கிடந்தது. எங்கே என்று கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். "கோபப்பட்டேன் ஃபாதர்" என்பேன். அதற்கு மேல் நாக்கு எழாது. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் கொட்டுகிறேனோ என்னவோ...

போன வாரம் பக்கத்து வீட்டுத் தேவி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, யாரைப் பாத்தாலும் உறுமிக்கினே கீது. நீங்க நாய் வளத்தவங்க, இன்னா பண்றது சொல்லுங்க" என்றாள்.

ஸ்டெல்லா அந்த மடங்காத விரல்களை நீட்டிக் காட்டினாள்.

"ஈரலு, பிஸ்கட்டுனு கொஞ்சாத தேவி. நான் கொஞ்சித்தான் இப்படி ஆச்சு. சின்னதுலயே நாலு போடு. உறுமவே விடக்கூடாது." என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நான் சொல்றது சரிதானே?"

மழையில் நடுங்கிய குட்டியை முந்தானையில் சுற்றியவள் அவள்! அவள் வாயில் என் பெல்ட்டை நான்தான் வைத்தேன். காப்பி டம்ளரோடு நின்றிருந்த நான்... தலையாட்டினேன்.

நேற்றுவரை சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குட்டியின் உறுமல் கேட்டது. இன்று காலையிலிருந்து கேட்கவில்லை.