பாரம் கூடிய கோது

போன சனிக்கிழமை ஸ்கீவ என்கிற இந்த டேனிஷ் ஊரின் பழஞ்சாமான் சந்தையில் ஒரு பிஸ்கட் தகரம் கிடந்தது. மூடியைத் திறந்தேன். சுட்டு முடிந்த துவக்கு ரவைகளின் வெற்றுக் கோதுகள். பித்தளை வாசம். விரல்கள் தாமாகவே பிரிக்கத் தொடங்கிவிட்டன. நெட்டை ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். விற்றவன் ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

எண்பத்தாறில், நான் அகதியாக வந்த புதிதில், இதுதான் என் ஞாயிறு வேலை. இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டுகிற கியர்ஸ்டன் மான் வேட்டைக்காரி. சுட்ட கோதுகளுக்குள் புது மருந்தும் குண்டும் வைத்துத் தன் ரவைகளைக் குசினி மேசையில் தானே அடைப்பாள். கோது பிரிக்க என்னைக் கூப்பிடுவாள். கோப்பி தருவாள். அதிகம் கதைக்கத் தேவையில்லை. அது எனக்கு வசதி.

கோதுகளில் இரண்டு குடும்பங்கள். அடிப்பருமன் இரண்டுக்கும் ஒன்றுதான். நெட்டையில் மூத்தது 30-06; அதன் கழுத்தை ஒடுக்கினால் 270. கட்டையில் மூத்தது 308, ஒடுக்கினால் 243.

“நெட்டை கனக்க மருந்து தின்னும், தோளிலயும் உதைக்கும். எனக்குக் கட்டை காணும்,” என்பாள். அவள் பேசுவது டேனிஷ். என் காதில் யாழ்ப்பாணமாகத்தான் விழும்.

என்னிடமும் ஒரு கறுத்த கோது இருந்தது. ஊரில் தம்பி சூடுபட்டு விழுந்த ஒழுங்கையில் பொறுக்கியது. உள்ளே எங்கள் செம்மண். எந்தக் குடும்பம் என்று பார்க்க ஒருநாள் கொண்டுபோனேன். 308களுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சரி மட்டம். கியர்ஸ்டன் வந்து எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளி மினுக்குகிற உருளைக்குள் கொட்டினாள். உருளை சுழலத் தொடங்கியது.

அன்றிரவு, என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அன்ரன் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தான்.

“விசரா! இனி அதால அவள் மான் சுடப்போறாள்.”

“கேக்கட்டோ?”

“வாயைப் பொத்து. துவக்குக் கதை கதைச்சியெண்டால் தந்த விசாவையும் பறிச்சுப்போடுவாங்கள்.”

ஒரு கிழமை அவள் பக்கத்தில் நின்று இறைச்சி வெட்டினேன். ‘அது என்னுடையது’ என்பதற்கு டேனிஷில் மூன்று சொல் போதும். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் 308களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். ஒன்றை எடுத்துப் புறம்பாக வைத்தாள்.

“இது பாரம். வெளியால ஒரே அளவு, ஆனா சுவர் தடிப்பு. மற்றதுகளுக்குப் போடுற மருந்தை இதுக்குப் போடேலாது. பட்டாளத்துச் சாமான். ஆரின்ர இது?”

“என்ர.”

என் முகத்தைப் பார்த்தாள். கோப்பி ஊற்றினாள். கோதை என் பக்கம் தள்ளினாள். கலியாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மினுங்கியது. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

கியர்ஸ்டன் இப்போது இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அன்ரன் லண்டன் போய்விட்டான். கோது என் அலுமாரியில் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் மினுக்கம் போய்ப் பழைய கறுப்புத் திரும்பிவிட்டது. மண் இல்லை.