கைக்குட்டை போட முடியாத இடம்

கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது சாதிக் பாயின் போன் வந்தது. "சார், நம்ம வீட்டு மாடில குடியிருந்த இத்ரீஸ் மௌத்தாயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.

இத்ரீஸ் சூடானிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவர். பிறகு எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையிலேயே ஆய்வு மாணவராகத் தங்கிவிட்டார். எந்த ஊர் என்று டீக்கடையில் யாராவது கேட்டுவிட்டால் போதும், டீ ஆறும்வரை பாடம் நடக்கும். சூடான் விடுதலை பெறுவதற்கு முன்பே ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டுக்கு ஆள் அனுப்பியதாம். மேசையில் வைக்கக் கொடி இல்லை. அன்றைய நம் பிரதமர்தான் தம் வெள்ளைக் கைக்குட்டையில் நாட்டின் பெயரை எழுதி வைத்தார் என்பார்கள். "வில்லாபுரம் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறீங்கள்ல, அதே வேலைதாண்ணே" என்பார் இத்ரீஸ். கடையே சிரிக்கும்.

அவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஒருமுறை டெல்லிக்குத் துணைக்குப் போனேன். சூடான் தூதரக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். மதுரை அவரை அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தது. காவலாளி தடுத்து, போட்டுக்கொண்டே வரலாம் என்றார். "எங்க அம்மா வீட்டு வாசல் மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார் அசட்டுச் சிரிப்போடு. உள்ளே சுவரில் நாட்டின் படம் மாட்டியிருந்தது. "ஸ்கூல்ல நான் வரைஞ்ச மேப் இதவிடப் பெருசு. தெற்கு தனி நாடாப் போயிருச்சு. மிச்சமாச்சும் நல்லா இருக்கட்டும்."

மிச்சமும் நல்லா இருக்கவில்லை. போர் வந்தது. சொந்த ஊரான ஒம்துர்மானில் வீட்டைப் பூட்டிவிட்டு அவர் தாயார் வேறு ஊருக்கு ஓடினார். அப்போதுதான் இத்ரீஸ் சொன்னார்: "எனக்கு எது நடந்தாலும் ஒம்துர்மான்ல எங்க அப்பா பக்கத்துலதாண்ணே படுக்கணும். அத மட்டும் பாத்துக்கங்க." ஆகட்டும் என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

இப்போது தூதரகத்துக்குப் போன் செய்தேன். பேசிய அதிகாரி தங்கமான மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். உடலைக் கொண்டுபோக வழி எதுவும் திறந்திருக்கவில்லை என்றார். "என் தம்பியையே நான் போய்ப் பார்க்க முடியவில்லை, சார்" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

தாயாரிடம் பேச, சூடான் மாணவர் ஒருவர் மொழிபெயர்த்தார். "அங்கேயே வைத்துவிடுங்கள். அவன் அப்பா பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஒம்துர்மானில் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். அந்த ஆளே இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை."

கோரிப்பாளையத்துக்காரர்கள் சொந்தப் பிள்ளையைப் போல அடக்கம் செய்தார்கள். எல்லோரும் போன பிறகு என் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாதிக் பாய் தோளைத் தொட்டார். "வாங்க சார், வெயில் ஏறுது."

கைக்குட்டையைப் போட்டு நான் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடம் ஒம்துர்மானில் இருக்கிறது. அங்கே எட்டும் கை எனக்கு இல்லை. முகத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போய் வாருங்கள் என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் வழியனுப்புவோம். உங்களை எங்கே போகச் சொல்வேன், இத்ரீஸ்? இங்கேயே இருங்கள்.