ஜஹீதாவின் ஏழும் எட்டும்

கீழிருந்து மேலேதான் படிப்பாள். நெல்லின் மரபெழுத்துகள் பதிந்த எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் விரித்து, கறுப்புக் கோடுகளின் மேல் ஸ்கேலை ஏற்றிக்கொண்டே "ஏ, ஜி, ஜி, டி..." என்று ஜஹீதா முணுமுணுக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் போச்சு, மறுபடி அடியிலிருந்து. இது தெரிந்தேதான் தோட்டக்காரர் கபாலி தினமும் அந்த நேரம் பார்த்து ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"இன்னாம்மா, இன்னும் ஏ பி சி டி முடியலியா?"

"மொத்தமே நாலு எழுத்துதாண்ணே. அதுக்கே இந்தப் பாடு."

அடையாறு நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் ஒன்பது வருட டெக்னீஷியன். உப்புத் தண்ணீரிலும் சாகாத நெட்டை நெல் ஒன்று, காற்றுக்குச் சாயாத குட்டை நெல் ஒன்று. இரண்டின் வம்சமும் நூற்றிருபது தொட்டிகளில் நிற்கிறது. விதை பிறக்கும் வழியில் தாயின் மரபிழையும் தகப்பனின் மரபிழையும் துண்டு மாற்றிக்கொள்ளும். உப்பைத் தாங்கும் துண்டு, நெட்டையாக்கும் துண்டைக் கழற்றிவிட்டு வந்த செடி எது? எழுத்தெழுத்தாகப் படித்து அதைப் பிடிப்பதுதான் அவள் வேலை.

"பாகம் பிரிக்கிற கேஸுன்னு சொல்லு" என்றார் கபாலி. பேராசிரியர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சாப்பாட்டு டப்பாவை யாருக்கும் நீட்டுவாள். செடிகளின் மரபிழை அடைத்த ட்யூபை மட்டும் தரமாட்டாள். அங்கே ட்யூப் என்றால் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே கிள்ளிப் போவார்கள். அதற்காகவே மூடிமேல் செடி எண்களை உருதுவில் எழுதுவாள். பிஎச்.டி. வாங்கியவர்கள் அதைப் பார்த்து முழிப்பதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

போன மாதம் எண்பத்தெட்டாம் செடியில் பாகம் பிரிந்திருந்தது. வியாழக்கிழமை பேராசிரியர் தணிகாசலம் டெல்லி மாநாட்டில் அதைச் சொல்லப்போகிறார். கட்டுரையில் முதன்முறையாக ஜஹீதாவின் பெயரும். மயிலாப்பூர் வீட்டில் அம்மா சேமியா பாயசம் வைத்து, தெருவுக்கே கொடுத்தாயிற்று.

மாநாட்டுக்கு ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, ட்யூபைக் கையில் எடுத்தபோது சுருக்கென்றது. உருது ஏழு, ஆங்கில 'வி' மாதிரி இருக்கும். எட்டு, அதைக் கவிழ்த்து வைத்தது. வட்ட மூடிக்கு மேலேது, கீழேது? எழுபத்தேழைத் திருப்பிப் பிடித்தால் எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டாம் செடியில் புது இலை கிள்ளி மறுபடி சோதித்தாள். செவ்வாய்க்கிழமை ஃபிலிம் வந்தது. சாதாரணச் செடி. நெட்டைத் துண்டு கழன்றதெல்லாம் எழுபத்தேழில்தான்.

அவள் எண்ணைப் படிக்க அங்கே வேறு ஆள் கிடையாது. வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. மத்தியானம் வரை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"சார், மூடியைத் தலைகீழாப் படிச்சிட்டேன். நாம சொல்ற செடி அது இல்ல. என் பேரை எடுத்துடுங்க."

தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "செடி இல்லாம யார் பேரும் இல்லம்மா. எழுபத்தேழு எங்கே?"

அவள் கபாலியிடம் ஓடினாள்.

"வேணாம்னு லிஸ்ட் குடுத்ததே நீதானேம்மா. போன வாரமே அறுத்து மாட்டுக்குப் போட்டாச்சு."

"தொட்டி?"

"பம்பு ரூமு பின்னாடி காஞ்சிகினு கீது. வெறும் கட்டைதான். வேருல உசுரு கீதுன்னா மறுபடி துளுத்து மறுதாம்பு வரும். கீதா இல்லியான்னு யாரு கண்டா?"

ஜஹீதா தொட்டியருகே குந்தினாள். கைப்பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, வெடித்த மண்ணில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். பிறகு, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, காலி பாட்டிலைக் கபாலியிடம் நீட்டினாள்.