இங்கிலீசில் ஒரு குரவை

"இங்கிலீசில நீ ரூம் குடுக்கலாம் கா. பாட்டுக் குடுக்க ஏலா."

என் மாமி மகளான மச்சாள் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சித்தாண்டியில் அவள் வீட்டு முன்னறையில், கார்மென்ட் தொழிற்சாலைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல், நான் எழுதிய ஆங்கில வரிகளைப் பாடிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே தந்தாள். ஓகன் கட்டைகளில் விரல் வைத்திருந்த அவளுடைய தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "இன்னொரு தலவாணி வேணுமா எண்டும் ஒரு வரி போடு மச்சாள்" என்று என்னிடம் சொன்னான். நான் பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். வாற வெள்ளைக்காரர்களிடம் தலையணை வேண்டுமா என்று கேட்பதும் என் வேலைதான்.

முகம் சுட்டது. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமே படித்தேன். அப்பா கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் எல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். எனக்கு ஆங்கிலத்தில் ஒன்று வராது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. மச்சாள் சொல்லிவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு குழு. கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் பாடுவோம். பெரும்பாலும் பிறர் பாட்டுகள். சொந்தமாக ஒன்று இருந்தது. ஹோட்டல்களில் அறை துப்பரவு செய்யும் பெண்கள் கடைசி பஸ்ஸில் வீடு திரும்புவதைப் பற்றி நான் எழுதி, மச்சாள் பாடியது. அதைத்தான் எங்கள் ஹோட்டலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் யாரோ ஒருவருடைய போனில் கேட்டிருக்கிறார். அவர் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. குரல் பிடித்திருக்கிறது, இந்த சீசனில் சனிக்கிழமை மேடைக்கு உள்ளூர்க் குழு ஒன்று தேடுகிறோம், ஆனால் சொந்தப் பாட்டு ஒன்றாவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் இதை மச்சாளிடம் சொன்ன மறுநாளே, மேடை கிடைத்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று அவள் கார்மென்டில் தன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். ஆகவே, நான் ஒரு பாட்டு எழுத வேண்டும், அது அவள் வாயில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் திரும்பவும் அதே மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

வேறு மொழிக்காரரும் ஆங்கிலத்தில் பாடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்ததே ஸ்பானிஷ் மொழியில் பாடும் ஒரு குழுவால்தான்.

நான் பள்ளியில் உயர்தரம் படித்த நாட்களில் மச்சாளின் போனில் அவர்களைக் கண்டுபிடித்தோம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஒரு சொல் விளங்காது. வாவிக் கரையில் நின்று, வாயில் வந்தபடி கூடவே பாடுவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் நாங்களே ஒரு கதை வைத்துக்கொண்டோம். ஒன்று, தாய் கூப்பிடக் கூப்பிட வீட்டுக்கு வராத பெண்ணைப் பற்றியது. இன்னொன்று, மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனிடம் ஏமாந்தவளைப் பற்றியது. அதை மச்சாள் பாடும்போது உண்மையாகவே பல்லைக் கடிப்பாள்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர்கள் முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருடமும் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் நான். இனி உள்ளே போகலாம். விடுதி அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். எல்லாம் விளங்கியது. விளங்கியதுதான் கஷ்டமாக இருந்தது. அதில் யாருக்கும் தாய் இல்லை. யாரும் ஏமாறவில்லை. ஆட வா, இரவு நமது, கையைப் பிடி என்று பாட்டுக்குப் பாட்டு ஒரே அழைப்பு. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது அந்த மூத்த பெண்ணின் குரல். ஸ்பானிஷில் அவள் சொல்லைக் கடித்துத் துப்புவாள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் முட்டை தூக்குவதுபோல் தூக்கி வைத்தாள்.

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம், வரவேற்பு மேசையில் என் குரலை நானே கேட்டபோது அது யாருடையது என்று தெரிந்தது.

அந்தத் தொகுப்பு எடுபடவில்லை. அவர்களுடைய ஆட்கள், எங்களை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று பாட்டுகளின் கீழே எழுதியிருந்தார்கள். ஆங்கிலக்காரர்கள், இவர்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். ஒருமுறை எங்கள் ஹோட்டலில் அவர்களுடைய நாட்டைச் சேர்ந்த ஒரு பெண் தங்கினாள். அறைச் சாவியைக் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். குழுவின் பெயரைச் சொன்னதும் அவள் பழைய பாட்டு ஒன்றை மேசை முன்னாலேயே முணுமுணுத்தாள். ஆங்கிலப் பாட்டுகளைத் தன் வீட்டில் ஒருவரும் போட்டதில்லையாம். "நீ கேட்டாயா?" என்று வியப்போடு கேட்டாள். கேட்டேன் என்றேன், திரும்பத் திரும்ப. அவள் போனபின் எனக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் ஆங்கிலத்துக்கு வந்தது பெரிய நாடுகளின் பெரிய மேடைகளுக்காக. வந்து சேர்ந்ததோ சித்தாண்டியில் இருக்கும் என்னிடம். நான் அவர்கள் தேடிய ஆள் இல்லை. ஆனாலும் எனக்கு விளங்கியது. அவர்கள் தோற்றுப்போனார்கள் என்று எங்காவது வாசித்தால் எனக்கு ரோசம் வரும். அந்தப் பாட்டுகளைப் போட்டால் பாதியில் நிறுத்தியும் விடுவேன்.

இதெல்லாம் தெரிந்தவள் நான். தெரிந்தும், மச்சாளுக்கு எழுதிக் கொடுத்த பாட்டில் அவர்கள் செய்ததையே செய்திருந்தேன். கடைசி பஸ்ஸை எடுத்துவிட்டேன். சுற்றுலா வந்தவர்களுக்கு அது எதற்கு என்று நினைத்தேன். பெண்களையும் எடுத்துவிட்டேன். கடல், வெயில், வாருங்கள். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது.

மச்சாள் அப்படிச் சொன்னபிறகும் நான் அதை விடவில்லை. வீம்புதான். அங்கே இங்கே சொல் மாற்றி, அவளைத் திரும்பப் பாடவைத்து, போனில் பதிந்து பொறுப்பாளருக்கு அனுப்பினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். தொடக்கத்தில் ஏதாவது உள்ளூர்ச் சத்தம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். நான் யோசிக்காமல் குரவை என்றேன். பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி என்று விளக்கி, மேசையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகப் போட்டும் காட்டினேன். கையைத் தட்டினார்.

தன்னாமுனையில் மாதா கோயில் பாட்டுகளைப் பதிவுசெய்யும் ஒருவர் வீட்டின் பக்க அறையில் பஞ்சு மெத்தைகளைச் சுவரில் அடித்து வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, மச்சாளின் தாயான என் மாமி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் எல்லோரையும் வேனில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். நல்ல சேலை கட்டியிருந்தார்கள். பதிவுகாரர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து கையைக் காட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பவும் காட்டினார். மாமி தொடங்கினார், அது இருமலில் போய் முடிந்தது.

"என்னத்துக்குப் புள்ள குரவ?" என்று அம்மா கேட்டார்.

"பாட்டுக்கு அம்மா."

"பாட்டில ஆருக்குக் கலியாணம்?"

கலியாணம் இல்லை என்றேன். "கலியாணமும் இல்ல, சாமத்தியமும் இல்ல, அம்மன் சடங்கும் இல்ல. சும்மா எப்பிடிக் கா வாய் வரும்?" என்றார் மாமி. அவர் அடம்பிடிக்கவில்லை. உண்மையிலேயே வரவில்லை. கலியாணம், பூப்பு, கோயில் சடங்கு என்று ஒரு காரியம் இல்லாமல் குரவை போடுகிறவர்கள் இல்லை அவர்கள். நான் ஹோட்டல் மேசையில் போட்டுக் காட்டியது நினைவு வந்து எனக்குக் கூசியது. பதிவுகாரர், வேறு எங்காவது எடுத்து ஒட்டிவிடலாமே என்றார். மாமி பார்த்த பார்வையில் அவர் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

சரி, பாட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னால் வரும் என்று நினைத்தேன். தமிழில் சொல்லத் தொடங்கினேன். கடல் இருக்கு, வெயில் இருக்கு, தூரத்தில் இருந்து வந்தவங்களை வாங்க என்று கூப்பிடுறம்.

"மறுகா?" என்றார் அம்மா. பிறகு என்ன நடக்கிறது என்று கேட்கிறார்.

"மறுகா ஒண்டுமில்ல."

சொல்லும்போதே என் காதில் விழுந்தது. மச்சாள் என்னைப் பார்க்கவில்லை, ஹெட்போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மாமிதான் பேச்சை மாற்றினார். "உன்ர அம்மா ஒருக்காச் சும்மா போட்டவதான். கேளு" என்றார். உயர்தர முடிவு வந்த நாளைச் சொல்கிறார். நான் பாஸ் என்று போனில் பார்த்துச் சொன்னதும், அம்மா முற்றத்தில் தனியாக நின்று குரவை போட்டார். பரீட்சைக்குக் குரவை போடுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. "இவ பெரியபுள்ளையாகி எத்தின வருசம். ரெண்டாந்தரமும் ஆகிட்டாளா எண்டு நான் பதறி ஓடி வந்தன்" என்றார் மாமி, என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "எனக்கு வேற என்ன சத்தம் தெரியும்?" என்றார்.

அன்று ஒன்றும் பதியாமல்தான் திரும்பினோம். பொறுப்பாளருக்குப் பிடித்த பாட்டு கையில் இருந்தது. குரவை இல்லாமல் அதைக் கொடுத்தாலும் மேடை கிடைத்திருக்கும். மச்சாளும் அதைத்தான் சொன்னாள். விட்டிரு, கிடைக்கிறதை எடுப்பம் என்றாள். எனக்கு அடங்கவில்லை. வேனின் கடைசிச் சீட்டில் இருந்து போனில் எழுதத் தொடங்கினேன். தமிழில் எழுதி மாற்றவில்லை, நேராக ஆங்கிலத்தில். ஒரு தாய் கலியாணத்துக்குப் போடும் சத்தத்தைப் போடுகிறாள், வீட்டில் கலியாணம் இல்லை, அயலவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று ஓடி வருகிறார்கள். மேசையில் நான் பேசும் அதே சிறிய, நேரான வாக்கியங்கள். அழகு சேர்க்கவில்லை.

மறுநாள் மாலை மச்சாளிடம் கொடுத்தேன். ஓரிரு சொற்களுக்குப் பொருள் கேட்டாள். பிறகு முதலிலிருந்து திரும்பவும் வாசித்தாள். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா இது உன்ர கத. நான் எப்பிடிப் பாடுற?"

"நீயும் அண்டைக்கு அங்கதானே நிண்ட."

"நிண்டன்" என்றாள். "கார்மென்டுக்குப் போக வெளிக்கிட்டு வாசலில நிண்டன். அந்தக் குரவையக் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறினன். நான் எங்க நிண்டன் எண்டும் எழுது. மறுகா பாடுறன்."

அவளுடைய தம்பி ஓகனில் இருந்து கையை எடுத்துவிட்டான். அந்த நாளை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், பெருமையோடு. அதில் வாசலில் யாரும் நின்றதில்லை.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன நிறச் சட்டை, பஸ்ஸில் யார் பக்கத்தில் இருந்தது, இறங்கியபிறகும் காதில் என்ன கேட்டது. ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில், "அப்பிடி இல்ல, நான் அழல்ல, எனக்கு எரிச்சல்" என்று திருத்தினாள். எரிச்சல் என்றே போட்டேன். பிறகு பாடினாள். சில சொற்கள் பிசகின. ஆனால் பல்லைக் கடித்துப் பாடினாள். என் பகுதியை அவள் பாடுவதாக இல்லை. அதை நீயே பாடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். என் குரல் அவளுடையதுபோல் இல்லை. ஆனாலும் அது என் பகுதிதான்.

அடுத்த ஞாயிறு தன்னாமுனைக்குத் திரும்பவும் போனோம். இந்த முறை அம்மாவுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குரவை கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரை ஹெட்போனைக் கழற்ற வைத்தது.

பொறுப்பாளருக்கு இந்தப் பாட்டு முதல் பாட்டைப் போலப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. கடலும் வெயிலும் இதில் இல்லை. பழைய பாட்டைத் திரும்பப் பெறுகிறோம், இதைத்தான் பாடுவோம் என்று எழுதி, பதிவையும் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மேடையில் பாடவைத்துப் பார்த்துத்தான் குழுவை முடிவுசெய்வார்கள், அது வரும் சனிக்கிழமை. மச்சாள் ஒரு நாளைக்குப் பலமுறை போன் எடுத்து, பதில் வந்ததா என்று கேட்கிறாள். வரவேற்பு மேசையில் இருப்பவள் மேடையில் ஏறினால் விருந்தினர் என்ன நினைப்பார்கள் என்று என் மேலதிகாரி கேட்டார். பாட்டு எப்படி இருக்கிறது என்று நினைப்பார்கள் என்றேன். சனிக்கிழமை மாலை வேலையைக் கூட வேலை செய்பவளிடம் மாற்றிக் கொடுத்தாயிற்று. இன்று காலை, முதல் விருந்தினர் சாப்பிட இறங்குமுன், மேடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் போய் எங்களுக்கு இரண்டு மைக் வேண்டும் என்று சொன்னேன். இரண்டாவதை எந்த உயரத்துக்கு வைக்க என்று அவர் கேட்டார். மேடையில் ஏறி நின்று காட்டிவிட்டு வந்தேன்.