மூன்று சிவப்பு

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது. மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, டீச்சர் மேசைமேல் சேர்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு ஜோடி சின்னக் கறுப்பு ஷூ. பக்கத்தில் இரண்டாம் பருவப் புத்தகங்கள், பெரியது அடியிலும் சிறியது மேலுமாக. அவற்றின்மேல் நாடா சுற்றிய அடையாள அட்டை. அட்டையில் மாதேஷின் படம் இருந்தது. மாதேஷ் இல்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறவர்களை எங்கள் பள்ளியில் பத்து நாள் ஏதாவது ஒரு வேலை இடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஓசூரில் வேலை இடத்துக்குப் பஞ்சமில்லை. என் வகுப்பில் பெரும்பாலோர் கம்பெனிகளைக் கேட்டார்கள். கேண்டீன் சாப்பாடு உண்டு. நான் மட்டும் மத்திகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியைக் கேட்டு வாங்கினேன். டீச்சராவது என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்பா முடிவு செய்திருக்கவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து, உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடராக உயர்ந்தவர். "பத்து நாள் போய்ப் பாரு தாயி. அந்த டீச்சரு நல்லா எழுதிக் குடுத்தா அந்தப் படிப்புக்கே போ. இல்லையா, பிளஸ் டூ முடிச்சதும் கம்பெனிக்கு வந்துரு" என்றார். பயிற்சிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்பாசிரியர் எழுதப்போகும் இரண்டு வரியில் என் எதிர்காலம் இருந்தது.

முதல் இரண்டு நாளும் கத்தியே கழிந்தன. முப்பத்தொரு பிள்ளைகள். தமிழில் அதட்டினால் தெலுங்கில் சிரித்தார்கள், கன்னடத்தில் கோள் சொன்னார்கள். டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன். அக்கா என்றே கூப்பிட்டார்கள். உண்மையான டீச்சர் பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அதிகமானால் வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அவர் சொல்லாதது எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

செவ்வாய் மாலை, தொண்டை கட்டிய குரலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கத்துனா எவன் கேப்பான்? போர்டு வையி. பேர எழுதி, சாயங்காலம் ஆளுக்கு ஒரு பொட்டு. நல்லா இருந்தா பச்ச, சுமாருன்னா மஞ்சள், சேட்ட பண்ணுனா சிவப்பு. எங்க லைன்ல நான் வாயே தொறக்கறதில்ல."

கம்பெனியில் மிஞ்சிய வட்ட ஸ்டிக்கர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். மூன்று சிவப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை அட்டையை மாட்டினேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. வகுப்பு அடங்கியது. டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாயம் பண்ணுன?" என்று கேட்டார்.

மாதேஷுக்கு மட்டும் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சிவப்பு. அவன் சேட்டைக்காரன் இல்லை. ஆனால் உட்கார மாட்டான். தண்ணீர் குடிக்கப் போவான். திரும்பி வந்து ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்குப் போக விரல் காட்டுவான். பிறகு மறுபடியும் தண்ணீர். வெள்ளிக்கிழமை மூன்றாவது சிவப்பை ஒட்டியபோது அவன் அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் திங்கட்கிழமை, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை யார் வெச்சது?" என்றேன்.

"அவந்தாங்க்கா. காத்தாலயே வந்து வெச்சிட்டுப் போய்ட்டான்" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். அவனுடைய லைன் வீடுகளிலேயே இருப்பவள்.

"ஏன்?"

"மூணு செவப்பு ஆயிடுச்சில்ல. நின்னுட்டான்."

"யாரு நிக்கச் சொன்னா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்கதான்."

பக்கத்து அறையில் டீச்சர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் அள்ளி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வருகைப் பதிவின்போது மாதேஷ் எங்கே என்று அவர் கேட்டார். "காய்ச்சலாம், டீச்சர்" என்றேன். முப்பது பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். மதிய மணி அடிக்கும்வரை என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வழிகாட்ட ஓடினேன். சிமெண்ட் ஷீட் போட்ட ஒன்பது அறைகள், ஒரே வரிசை. ஐந்தாவது வாசலில் மாதேஷ் வெறுங்காலோடு உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஸ்கூலுக்கு ஏண்டா வரல?"

அவன் கேட்டான்: "என் எடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டீங்களா?"

உள்ளிருந்து வந்த அவன் அம்மா விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். உத்தனப்பள்ளிப் பக்கத்தில் தோட்ட வேலை செய்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தவர்.

"அய்ய, லீவு உட்டுட்டாங்கன்னு இல்ல சொன்னான்! என்னியும் மூணாவது செவப்புலதாம்மா நிறுத்துனாங்க. காண்ட்ராக்ட் ஆளுதானே. கார்டும் ஷூவும் குடுத்துட்டுப் போன்னாங்க. இவனும் கம்பெனி கேட்டு வரிக்கும் கூட வந்தான், பாத்துட்டு இருந்தான். அத மனசுல வெச்சிகினு இருக்கான் போல."

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.

மாதேஷிடம், மூன்று சிவப்பையும் பிய்த்துவிடுவதாகவும் நாளை கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னேன். டீச்சர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். "சரி, மேடம்" என்றான். பத்து நாள் பயிற்சியில் என்னை அக்கா என்று கூப்பிடாத முதல் பிள்ளை அவன். வெயிலில் பள்ளிக்குத் திரும்பி ஓடும்போது எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

சொன்னபடி மூன்று ஸ்டிக்கரையும் பிய்த்தேன். அட்டையை எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியிலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது.

செவ்வாய் காலை மாதேஷ் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தான். அன்று முதல் வெள்ளி மாலை வரை வகுப்பு நேரத்தில் ஒரு தடவைகூட எழவில்லை. இடைவேளை மணி அடித்து மற்றவர்கள் குழாயடிக்கு ஓடும்போதும் பெஞ்சிலேயே இருந்தான். "போய்ட்டு வாடா" என்றால், "வேணாம் மேடம், வரல" என்பான். கால்களை இறுக்கிச் சேர்த்து வைத்தபடி எழுதிக்கொண்டிருப்பான். நான்கு நாளும் பச்சை வைத்தேன்.

குறிப்பேட்டில், 'அடிக்கடி வெளியே செல்லும் மாணவரின் பழக்கம் மாற்றப்பட்டது' என்று அவன் பெயரைக் குறிப்பிட்டு எழுதினேன். டீச்சர் அதன் கீழே கோடிட்டு, கடைசிப் பக்கத்தில், 'வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் மிக நன்று. நல்ல ஆசிரியராக வருவார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அப்பா அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தன் லைன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருபத்தாறு பேர் கைதட்டியிருந்தார்கள்.